எல்லா வேலைக்கும் ஓர் அறை

யுத்தக் காலத்தில் சென்னையில் ஒரு மிலிட்டரி கட்டட ஆபீசில் ஆறு மாதம் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே ஓர் அறை உண்டு. அந்த அறை எந்த வேலையும் செய்யாது. ஆனால் நடக்கும் வேலை அத்தனையும் அதற்குத் தெரியும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. செஞ்சிக்குத் திரும்பி கடலை எண்ணெய் மில்லில் சேர்ந்ததும், இங்கேயும் அப்படி ஒன்று வைக்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன்.

மில்லில் அப்போது மூன்று வேலைகள்: புதுக் குடோன், கிணறு, வண்டி ஷெட். ஐப்பசி மழைக்குள் குடோனுக்குக் கூரை ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் களத்தில் அடுக்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் நனைந்து முளைத்துவிடும்.

"கூரை ஏறலேன்னா ரூமும் கெடையாது, நீயும் கெடையாது" என்றார் முதலாளி. நியாயமாகத்தான் பட்டது. களத்தோரம் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகையை எனக்கு அறையாக ஒதுக்கினார்.

முதல் நாளே பலன் தெரிந்தது. மூன்று மேஸ்திரிகளையும் உட்கார வைத்து, யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று ஒரு கரும்பலகையில் கலர் சாக்கட்டிகளால் எழுதினேன். மூவரும் ஒரே தச்சரை ஒரே வாரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கேட்டாங்க, வரேன்னேன். யார் மனசையும் நோவடிக்கலியே" என்றார்.

அவரை முதலில் குடோனுக்குத் திருப்பினேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அதுதான் என்னைக் கெடுத்தது.

மேஸ்திரிகள் தினமும் காலையில் வந்து முந்தைய நாள் வேலையைச் சொல்ல வேண்டும் என்றேன். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்ற இருவரும் வாசலில் நிற்பார்கள்.

"இன்னா தம்பி, வேலையச் செய்யவா, செஞ்ச வேலையச் சொல்லவா?" என்று கேட்டார் குடோன் மேஸ்திரி.

"ரெண்டும்தான்."

"அப்ப எழுதிக்கோ. நேத்து இங்க வந்து நின்னேன்."

எழுதிக்கொண்டேன்.

என் அறைக் கீற்று ஒழுகியது. பலகை நனையக் கூடாதே என்று ஓடு கேட்டேன். ஓடு லேசில் கிடைக்காத காலம். குடோனுக்கு வந்ததில் கொஞ்சம் எடுத்து வேய்ந்தார்கள். 'ஆபீஸ் கூரை: முடிந்தது' என்று பச்சைச் சாக்கட்டியால் எழுதினேன். அந்தப் பலகையில் முடிந்த முதல் வேலை அதுதான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சி மேகத்துக்குள் மறைந்தது. அரை மணியில் மழை என்று அர்த்தம். குடோன் மேஸ்திரி ஓடி வந்தார்.

"தெக்கு மூலைக்கு ஓடு பத்தலை தம்பி. எங்க இருக்குதுன்னு ஒன் பலகையில பாரு."

பார்க்கத் தேவையில்லை. தலைக்கு மேலே இருந்தது.

குடோனில் நனையாத பக்கம் நிரம்பியதும் மிச்ச மூட்டைகளை என் அறைக்குத் தூக்கினோம். நானும் தூக்கினேன். இடம் பத்தாமல் பலகையை வெளியே சாய்த்தோம். சாக்கட்டி எழுத்து எல்லா நிறத்திலும் வழிந்தது. ஒரு மூட்டையும் நனையவில்லை.

குடையோடு வந்த முதலாளி எட்டிப் பார்த்தார். "பரவால்லப்பா. ஒன் ஆபீசு ஒதவிச்சு."

மறுநாள் காலை மேஸ்திரிகள் வழக்கம்போல வந்தார்கள். நிற்க இடமில்லை. வேலைக்குப் போய்விட்டார்கள்.

அறை காலியாகத் தை மாதம் ஆயிற்று. அதற்குள் கிணறும் ஷெட்டும் முடிந்திருந்தன. அந்த மாதங்களில் தச்சரை மட்டும், அவர் வேறு யாருக்கும் வருகிறேன் என்று சொல்வதற்குள், தினமும் மில் வாசலில் நின்று பிடித்துக்கொண்டேன்.