பல்லக்காவின் வீட்டுக்காரர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. தெருவில் அது யாருக்கும் ஞாபகமில்லை. பல் செட் செய்கிற அக்கா என்பது நாள்பட்டுத் தேய்ந்து பல்லக்கா ஆகிவிட்டது. கேட்பவர்களுக்கு ஏதோ பல்லக்கில் பவனி வருகிறவள் போலத் தோன்றும். வருவதென்னவோ செயின் கழன்று கழன்று மாட்டுகிற சைக்கிளில்தான்.

ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி அவளுடைய வாடகை இடம். முன்னறையில் பட்டறை, பின்னறையில் கட்டிலும் அடுப்பும். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பாள். அதன்மேல் மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வாயில் வைத்துப் பார்க்க அனுப்புவாள். சரியாக உட்கார்ந்தால் மெழுகு இருந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை அடைத்து, வேகவைத்து ஈறாக்குவாள். பிறகு மோட்டாரில் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற மோட்டார், வேகவைக்கிற தொட்டி, வாய் போலத் திறந்து மூடுகிற கீல் சட்டங்கள் எல்லாம் அவள் கழுத்திலும் காதிலும் ஒரு காலத்தில் கிடந்தவை. அம்மா போட்ட நகைகளைக் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தார்கள். கல்யாணம் வரவில்லை, மோட்டார் வந்தது.

ஏன் வரவில்லை என்று கேட்டால் தங்கச்சி ஒரே பதில் வைத்திருக்கிறாள். "பொண்ணு பாக்க வர்றவங்களோட பல்லையே பாத்துட்டு இருந்தா எப்படிக் கல்யாணம் ஆகும்?" அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மீதி உண்மை என்னவென்றால், அவளுக்குத் தனியாக இருப்பது பிடித்திருந்தது. இதைச் சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை என்பதால் அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

மாடியில் இருந்தவர் வீட்டுக்காரர். அதாவது வீட்டின் சொந்தக்காரர். அதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வந்த வினை முழுவதும் அந்த ஒரு சொல்லால் வந்ததுதான். அந்த மனிதர் குளிர்பான ஏஜென்சி எடுக்கிறேன் என்று வங்கியில் கடன் வாங்கி, வியாபாரம் படுத்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு, சாமான்களையும் அள்ளிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார். மாடியில் மிஞ்சியது ஒரு காலண்டர்.

கொஞ்ச நாளில் டை கட்டிய இளைஞன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். வங்கியின் வசூல் பிரிவு. பல்லக்கா அப்போதுதான் மாவைக் கரைத்திருந்தாள். கரைத்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது, பேச்சு சுவாரசியத்தில் இருந்தால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். அதனால் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"யாரும்மா இருக்கீங்க வீட்டுல?"

"நான்தான் இருக்கேன். வீட்டுக்காரர் இல்லைங்க, வெளியூர் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"எங்கிட்ட என்னைக்குச் சொல்லிட்டுப் போனாரு, இன்னைக்குச் சொல்றதுக்கு?"

"லோன் வாங்கினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன, தெருவுக்கே தெரியும்."

அவன் நின்றபடியே எழுதிக்கொண்டு போனான். என்ன எழுதினான் என்பது பிற்பாடு கோர்ட்டில்தான் தெரிந்தது. 'கடன்தாரரின் மனைவியை நேரில் சந்தித்தேன். கடனை ஒப்புக்கொண்டார். கணவர் தன்னிடம் எதையும் சொல்லாமல் வெளியூர் செல்வதாக வருத்தம் தெரிவித்தார்.' அவள் எங்கே வருத்தப்பட்டாள்? மாவு இறுகுகிறதே என்று எரிச்சல்பட்டாள். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவள், தன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் டாக்டர் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. தரையில் படிந்திருந்த வெள்ளை மாவுத் தூளில் மோட்டார் இருந்த இடம் சதுரமாகவும் தொட்டி இருந்த இடம் வட்டமாகவும் தெரிந்தன. கட்டிலைக்கூட விடவில்லை. வாசற்படியில் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் மெழுகுப் பல்லை வாங்கிப் போய் டாக்டரிடம் வைத்துப் பார்க்க வேண்டிய நாள். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றாக வந்தன.

"லாரி கொண்டாந்தாங்க பல்லக்கா. நான் எவ்வளவோ சொன்னேன். என் பேச்சு யாருக்குப் புரியுது? என் பல்லையும் சேர்த்து ஏத்திட்டுப் போயிட்டானுங்க."

கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடன்தாரரின் வீட்டில், அவர் மனைவி வசம் இருந்த பொருள்கள் கைப்பற்றப்பட்டன, வரும் வாரம் ஏலம் என்று இருந்தது. அவள் படிப்பதற்குள் தெரு படித்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் பேசினாள். நோட்டீஸைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினாள் பல்லக்கா. உடனே போன் வந்தது.

"ஏன்க்கா, கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

வழக்கமாக அவளும் சிரித்திருப்பாள். அன்றைக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஏலத்தில் அந்த மோட்டார் பழைய இரும்பு விலைக்குப் போகும். அதோடு அவள் பிழைப்பும் போகும். இந்த வயதில் இன்னொரு பட்டறை வைக்க விற்பதற்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் வங்கிக்குப் போனாள். மேனேஜர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"உங்க ஹஸ்பண்டை வரச் சொல்லுங்கம்மா, பேசித் தீத்துக்கலாம்."

"எனக்கு ஹஸ்பண்டே இல்லைங்க."

"அடடா. எப்ப தவறினாரு?"

"அவர் பொறக்கவே இல்லை சார்!"

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஆகவில்லை என்பதற்குச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். கல்யாணம் ஆனதற்குச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆகாததற்கு யார் கொடுப்பார்கள்? தாலுகா ஆபீஸில் ஒரு ஜன்னலில் இருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பி, சாப்பாட்டு நேரம் என்று அதையும் சாத்தினார்கள்.

கண்டக்டர்தான் அவளை வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, மூன்றாவது ஆள் வந்தால் வக்கீலம்மா எழுந்து நிற்பாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு முதலில் ஒரு பாட்டம் சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"அக்கா, முதல்ல பேங்க்குக்கு எழுத்துல குடுங்க. வாயால பேசினதெல்லாம் போதும், அதுல வந்த வினைதானே இது? குடுத்ததுக்கு முத்திரை போட்டு நகல் வாங்கிக்கங்க. அதே நகலை அவங்க தலைமை ஆபீஸ்ல புகார் பாக்கறவருக்கும் அனுப்பணும். அங்கயும் அசையலைன்னா பேங்க்குகளுக்கு மேல விசாரிக்கறதுக்குன்னே ஒரு அதிகாரி இருக்காரு."

"அவங்க விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிருமே?"

"அதுக்குத்தான் கோர்ட். கடன் வாங்காதவங்க பொருளைத் தூக்கிட்டாங்க, இது மூணாம் மனுஷியோட சொத்துன்னு மனு போட்டு ஏலத்துக்குத் தடை கேப்போம். பூட்டை உடைச்சதுக்குப் போலீஸ்ல ஒரு புகார். நீங்க வேலை இல்லாம உக்காந்திருக்கற நஷ்டம், உடைஞ்சது நொறுங்கினதுக்கு ஈடு, அதெல்லாம் பின்னாலயே கேப்போம். முதல்ல பொருள் கை மாறாம இருக்கணும்."

"பேங்க்கோட மோத முடியுமாம்மா?"

"மோதறது என்ன? அவங்க எழுதினதை நிரூபிக்கச் சொல்றோம், அவ்வளவுதான். மோட்டார் வாங்கின ரசீது இருக்கா?"

இருந்தது. அவளுக்கு வேலை கொடுக்கிற இரண்டு டாக்டர்களும் பட்டறை அவளுடையதுதான் என்று கடிதம் கொடுத்தார்கள். தங்கச்சி, அக்கா பெயர் இன்னும் இருக்கிற பிறந்த வீட்டு ரேஷன் கார்டின் நகலோடு பஸ் பிடித்து வந்து, இரண்டு நாள் தங்கி, வெறும் தரையில் அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "உனக்கு உண்மையிலேயே அந்தாளைப் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டு ஒரு குத்தும் வாங்கினாள்.

நீதிபதி ஏலத்தை நிறுத்திவைத்தார். பொருள் யாருடையது என்பதை விசாரித்துத்தான் சொல்ல முடியும் என்றார். விசாரணை நாளில் வங்கி வக்கீல் ஒரு போடு போட்டார். ரசீது மனைவி பேரில் இருக்கலாம், பணம் கணவனுடையதுதானே? கடனுக்குப் பயந்து இருவரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள், இந்த அம்மாளே தன் வாயால் அவரைக் கணவர் என்று சொல்லியிருக்கிறார், எங்கள் அதிகாரியே சாட்சி. பல்லக்கா ரசீது நகலை எடுத்து, அதில் இருப்பது தன் பெயர்தானா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டாள்.

டை கட்டிய இளைஞன் கூண்டில் ஏறினான். வக்கீலம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அந்த அம்மா 'என் கணவர்'னு சொன்னாங்களா?"

"இல்லைங்க. 'வீட்டுக்காரர்'னு சொன்னாங்க. அப்படின்னா புருஷன்தானே?"

"சரி. நீங்க இருக்கறது சொந்த வீடா, வாடகை வீடா?"

"வாடகை வீடுதான் மேடம்."

"மாசா மாசம் வாடகையை யார்கிட்டக் குடுக்கறீங்க?"

"வீட்டுக்காரர்கிட்ட."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. வக்கீலம்மா நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"உங்களுக்கும் அவருக்கும் எப்ப கல்யாணம் ஆச்சு?"

கோர்ட் குலுங்கியது. குமாஸ்தா கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். நீதிபதி தண்ணீர் குடிப்பது போல நேரம் எடுத்துக்கொண்டார். பின்வரிசையில் சத்தமாகச் சிரித்த கண்டக்டரைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

"என் பல்லு ஐயா, பேங்க் கஸ்டடியில இருக்கு" என்றார் கண்டக்டர். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நீதிபதிக்குப் புரிந்தது.

தீர்ப்பு சாதகமாக வந்தது. பொருள்களை வங்கியே தன் செலவில் கொண்டுவந்து இறக்க வேண்டும், வேலை நின்ற நாள்களுக்கும் சேதத்துக்கும் ஈடு தர வேண்டும். சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருந்ததால், லாரி வாசலில் நிற்க, பல்லக்கா ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்தாள். மோட்டார் ஓடியது. தொட்டியில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வார்த்து வைத்த தாடைகளில் பாதி பொடிப்பொடியாகிக் கிடந்தன. கண்டக்டரின் மெழுகுப் பல் கிடங்குச் சூட்டில் உருகி, பற்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தன.

கூட வந்திருந்த டை இளைஞன், "மெழுகுதானே மேடம், அதையும் சேதத்துல எழுதணுமா?" என்றான்.

"மெழுகு இல்லை தம்பி. அது ஒரு மனுஷனோட வாய். எழுதுங்க."

எழுதினான். போகும்போது, தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிச்சுக்குங்க என்றான். அவளுக்கு மன்னிக்க மனம் வரவில்லை, திட்டவும் வரவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவன் குடித்துவிட்டுப் போனான்.

மற்ற வேலையை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கண்டக்டருக்குப் புதிதாக அச்சு எடுக்கச் செய்து, முதலில் இருந்து நட்டாள். பல் வாயில் உட்கார்ந்ததும் அவர் கண்ணாடி கேட்கவில்லை. இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தெருமுனையில் போன ஆட்டோ தானாக நின்றது. "போலாம், ரைட்!" என்று கத்தினார், ஒரு எழுத்து பிசகாமல். அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பல்லக்காவுக்கு அப்போதுதான் உடைந்தது. மாவு படிந்த கையோடு அழுது முகமெல்லாம் வெள்ளையானாள்.

தீர்ப்பின் நகலை அவள் அதற்குப் பிறகுதான் ஆற அமரப் படித்தாள். நடுவில் ஒரு வரி. 'மனுதாரர் மணமாகாதவர்; தன் உழைப்பில் வாழ்பவர்; அந்த அறைகளில் இருந்த பொருள்கள் அனைத்தும் அவருடையவை.' கல்யாணம் ஆகாதவள் என்ற சொல்லை இத்தனை வருஷமாக அவள் குறையாகத்தான் கேட்டிருக்கிறாள். கல்யாண வீடுகளில், ஆஸ்பத்திரி வரிசையில், இந்தத் தெருவில். முதல் தடவையாக அதன் பக்கத்திலேயே அனைத்தும் அவருடையவை என்று எழுதியிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வங்கி நோட்டீஸின் பசை காய்ந்திருந்த அதே இடத்தில் கதவில் ஒட்டினாள்.

போன வாரம் தண்ணீர் வரி ஆபீஸில் இருந்து ஒருவர் வந்தார். பல்லக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வீட்டுக்காரர் இருக்காரா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. தாடையால் கதவைக் காட்டினாள்.

"அதுல எழுதியிருக்கு. படிச்சுட்டு அப்புறம் கேளுங்க."