காய வைக்கச் சொன்ன காது

ஆஸ்பத்திரியில் கண்ணம்மாளுக்குக் காது அறையைக் கொடுத்ததற்குக் காரணம் அவளுடைய மூக்கு. ஆம்பூரில் பச்சைத் தோலைச் சுரண்டுகிறவரின் மகளாகப் பிறந்து, தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீர் ஓடும் சந்தில் வளர்ந்தவள். மற்ற நர்ஸுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சீழை அவள் முகம் சுளிக்காமல் துடைப்பாள். ஜோலார்பேட்டை ரயில் கொட்டகையில் வேலை பார்த்த அவள் கணவன் வேலு, கல்யாணமான இரண்டாம் வருஷம் பிளேக்கில் போய்விட்டான். மாமியார் வீட்டில் அவளுக்குச் சோறு போட யோசித்தார்கள். அவள் யோசிக்கவில்லை. நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு, மேல்விஷாரம் போகிற சாலையில் பதினாறு கட்டில் போட்டிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள்.

அங்கே காதும் தொண்டையும் அறுக்கத் தெரிந்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பிப் பார்ப்பார். மீதி எல்லாம் கண்ணம்மாள் பொறுப்பு: கழுவுவது, துடைப்பது, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லி அனுப்புவது.

1929ஆம் வருஷம், நோன்பு முடிந்த வாரம், திரை கட்டிய ஜட்கா வண்டியில் ஜஹீருன்னிசா வந்தாள். இருபத்துமூன்று வயது. இடது காதில் இரண்டு வருஷமாகச் சீழ். கூட வந்த கணவன் சர்தார் பாஷா தோல் ஷாப்பில் தோல் பதனிடும் பட்டையை இடிக்கிறவன். அவன் நகக்கண்ணெல்லாம் ஆவாரம்பட்டையின் பழுப்பு.

"ராத்திரி தலைகாணி எல்லாம் நனைஞ்சிடுது நர்ஸம்மா. ரொம்பப் பேஜாரா இருக்குது" என்றான்.

"ரெண்டு வருஷம் இன்னா பண்ணிட்டிருந்தீங்க பாய்?"

"இவ வர மாட்டேன்னா. ஆம்பளை டாக்டர் இருப்பாருன்னு பயம்."

பர்தாவுக்குள்ளிருந்து ஜஹீருன்னிசாவின் குரல் வந்தது. "பொய் சொல்றார். ஜட்காவுக்கு நானா போய்ச் சொல்றது?"

கண்ணம்மாள் சிரித்துக்கொண்டே காதைத் துடைத்தாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். சொட்டு மருந்தைக் கொடுத்து, எல்லோரிடமும் சொல்வதையே வேகமாகச் சொன்னாள். "தண்ணி படக்கூடாது. தினம் காதைக் காய வைக்கணும். காஞ்சாத்தான் புண் ஆறும்."

"காய வைக்கணும். அவ்ளோதானே?" என்று கேட்டுக்கொண்டான் பாஷா.

மூன்றாவது வாரம் அவன் தனியாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"காஞ்சிடுச்சு நர்ஸம்மா! ஒரு பொட்டு சீழ் இல்ல."

"அவங்களைக் கூட்டிட்டு வரலியா?"

"நல்லாத்தானே இருக்குறா. எதுக்கு அலைய வைக்கணும்?"

அன்று ஒரு குழந்தையின் தொண்டையில் காசு சிக்கியிருந்தது. கண்ணம்மாளுக்கு நிற்க நேரமில்லை. 'காது காய்ந்தது' என்று நோட்டில் எழுதி, ஜஹீருன்னிசாவின் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். சந்தோஷப்பட்டாள் என்பதுதான் உண்மை.

அதிலிருந்து பதினோராம் நாள் மறுபடி ஜட்கா வந்தது. இந்தத் தடவை பாஷா மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். காய்ச்சல் கொதித்தது. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் கொழுக்கட்டை அளவு வீக்கம். காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்தை அசைத்தால் அலறினாள்.

கண்ணம்மாள் பீச்சாங்குழலில் வெந்நீர் எடுத்துக் காதைக் கழுவினாள். பழுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு கெட்டியாக, விரல் நுனி அளவு ஒரு கட்டி கிண்ணத்தில் விழுந்தது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. அவள் வளர்ந்த சந்தின் நாற்றம் அது.

"பாய், காதுல இன்னா போட்டீங்க?"

"பட்டைத் தூள். பொடியாச் சலிச்சுத்தான் போட்டேன்." அவன் குரலில் ஒளிவு இல்லை. "பச்சைத் தோலே பட்டையில போட்டா அழுகறதில்ல. காது மட்டும் அழுகுமா? காய வைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பட்டைத் தூள் காதின் வாயை அடைத்துவிட்டது. வெளியே வர வேண்டிய சீழ் உள்ளே எலும்பைத் தின்றுகொண்டு போயிருந்தது. டாக்டரம்மா குளோரோபாரம் கொடுக்கச் செய்து, உளியும் சுத்தியும் வைத்துக் காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்தார். கண்ணம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தட்டும் அவள் உள்ளங்கையில் விழுந்தது. சீழ் கொட்டியது. ஆனால் அது மூளையை மூடியிருக்கும் சவ்வு வரை போய்விட்டது என்று டாக்டரம்மா கையைக் கழுவும்போது சொன்னார்.

ஜஹீருன்னிசா மூன்றாம் நாள் காலையில் இறந்தாள்.

பாஷா வராந்தாவில் நின்றான். "நான்தான் கொன்னுட்டேனா?"

இல்லை, அல்லாவின் விருப்பம் என்று சொல்லியிருக்கலாம். அவனும் ஒத்துக்கொண்டிருப்பான். "போட்டது நீங்க" என்றாள் கண்ணம்மாள். "காய வைன்னு சொன்னது நான். எதை வச்சுன்னு சொல்லல. காஞ்சுதுன்னு நீங்க சொன்னப்போ பார்க்கவும் இல்ல."

பாஷா மனைவியின் மையித்தைத் திரை கட்டிய அதே ஜட்காவில் கொண்டுபோனான்.

ஐந்து மாதம் கழித்து வந்தான். இடுப்பில் நான்கு வயது மகள் குர்ஷித். அவள் வலது காதில் சீழ். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தான் என்று கண்ணம்மாள் கேட்கவில்லை. முதலில் அவனைக் கை கழுவச் சொன்னாள். நகக்கண்ணை பிரஷ் போட்டுத் தேய்க்க வைத்தாள். குச்சியில் பஞ்சைச் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தக் காதைக் காய வைக்கணுமா நர்ஸம்மா?"

"அந்தப் பேச்சே வேணாம் பாய். துடைக்கணும். பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும். இப்ப என் எதிர்லயே துடைங்க."

அவன் துடைத்தான். குழந்தை வீறிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஏழாவது பஞ்சு வெள்ளையாக வந்தது.

"வெள்ளிக்கிழமை குழந்தையோட வாங்க" என்றாள். "நீங்க மட்டும் வந்தா உள்ள விட மாட்டேன்."