முதல் கேள்வி, வீட்டு எண்

இளைஞர்களைப் பெரியவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பத்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க வேண்டும். திருப்பதியில் நான் படிக்கும் கல்லூரியில் கடைசி வருடத்துக்கான வேலை அது. முதலில் திட்டத்தைக் காட்ட வேண்டும். வகுப்பில் ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் கல்லூரியின் பெரிய கேமரா கிடைக்கும்.

பேச்சு தொடங்கியதுமே வகுப்பு முழுக்க ஒரே புலம்பல். பெரியவர்களுக்கு நாம் சோம்பேறிகள், போனைத் தேய்க்கிறவர்கள், சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள். நான் எழுந்து நின்று, எங்கள் ஊரில் அப்படி இல்லை என்றேன். ஆசிரியர் சிரித்தார். திங்கட்கிழமைக்குள் நாலு பேரைப் பேசவைத்துக் கொண்டுவந்தால் என் திட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. பேசுவது தமிழ், வருகிற காகிதமெல்லாம் தெலுங்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அந்தத் தெரு என்னைப் பற்றி, என் வயதுக்காரர்களைப் பற்றி, குறைவாகச் சொல்லிவிடுமா?

இந்த வேலையில் என்னோடு சேர்ந்த வகுப்புத்தோழி சித்தூர் டவுன்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மைக்கையும் போன் ஸ்டாண்டையும் ஒரு டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கேள்வி கேட்பது என் வேலை, படம் எடுப்பது அவள் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

கேள்வித்தாளை நான்தான் தயாரித்தேன். வகுப்பில் சொல்லித்தந்த முறைப்படி பெயர், வீட்டு எண், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை, அதன் பிறகு மற்ற கேள்விகள். தெலுங்கில் அச்செடுத்து, அட்டையில் கிளிப் போட்டு, கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சனிக்கிழமை காலை சொந்தத் தெருவுக்குள் அதிகாரி மாதிரி நடந்து போனேன். அன்றைக்கு எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

முதலில் எதிர்வீட்டு அத்தை. அவர் மகன் வரதய்யபாளையம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கம்பெனி பஸ் வந்து அழைத்துப்போகும்.

"உங்க பையன் இன்னா பண்றான் அத்த?"

"அவன் இன்னா பண்ணுவான். துன்னுட்டு தூங்கிக்கினு கீறான். வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

காலையில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வீட்டு மாமாவின் மகள் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அதுவா? பத்தோட நின்னுச்சு. ஊட்டோட கீது," என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். பிள்ளையைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது என் அப்பா, நான் நைனா என்று கூப்பிடுகிறவர். வாசலில், கதவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தோம். அவருக்கு நேரே நின்று கேட்டேன்.

"உங்க பொண்ணு இன்னா பண்ணுது?"

நைனா அட்டையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். கூட வந்தவளைப் பார்த்தார். "எம் பொண்ணு சும்மாதான் கீது. படிப்பெல்லாம் ஒண்ணும் ஏறல."

சட்டையில் மாட்டிய மைக்கை அவரே கழற்றிக் கொடுத்துவிட்டு, கழனியில் மல்லாட்டைக்கு, அதாவது கடலைக்கு, தண்ணி பாய்ச்சணும் என்று போய்விட்டார். நான் அட்டையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கல்லூரியின் பெரிய கேமரா கைவிட்டுப் போகிறதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு வரிதான் காதில் நின்றது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எடுத்ததையெல்லாம் போனில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அத்தை பேசும் இடத்தில் நிறுத்தி, திரையைப் பெரிதாக்கி என் முன்னே நீட்டினாள்.

"பின்னாடி பாரு."

அத்தைக்குப் பின்னால் கொடியில் நீலச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பையில் கம்பெனி அடையாளத்தோடு.

"வேல இல்லாதவனுக்கு எதுக்கு யூனிபாரம்?" என்றாள். "நீ மொதல்ல இன்னா கேட்ட? வீட்டு நம்பர். எங்க அம்மா சர்வேக்கு ஆள் வருதுன்னு கேள்விப்பட்டாலே ஸ்கூட்டிய பக்கத்து வீட்ல உட்ருவாங்க. நீ சச்சிவாலயத்துல இருந்து வந்த மாதிரி நிக்கிற. உன்னப் பாத்தா எனக்கே பயமா கீது."

சச்சிவாலயம் என்பது எங்கள் ஊர் அரசு அலுவலகம். கணக்கெடுக்க அங்கிருந்துதான் வருவார்கள். பிள்ளைக்கு வேலை, காலேஜ் என்று காகிதத்திலோ கேமராவிலோ பதிந்துவிட்டால், கேட்டது நானே ஆனாலும், ரேஷன் கார்டு போய்விடும் என்று தெருவே நம்பியது. நான் அந்தத் தெருவிலேயே பிறந்தவள். எனக்குத் தோன்றாததை, முதல் தடவை வந்தவள் ஒரு சட்டையில் பார்த்துவிட்டாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

ஒளிந்து எடுக்கலாமா என்று கேட்டேன். "சீ, அது தப்பு. சொல்லிட்டே எடுக்கலாம்," என்றாள்.

கழனிக்குப் போனோம். அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லை. நைனா வரப்பில் நின்று கேட்டார்.

"இத யாரு பாப்பாங்க?"

"எங்க சாரு. கூடப் படிக்கற பசங்க."

"சச்சிவாலயத்துல?"

"காட்ட மாட்டோம் நைனா."

"கார்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது."

"அப்ப இங்கியே எடு. ஊட்டாண்ட வேணாம், செவுத்துல நம்பர் கீது."

மம்பட்டியைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நான் கேட்பதற்கு முன்பே, என்னைப் பார்க்காமல், சித்தூர்காரியின் போனைப் பார்த்துப் பேசினார்.

"நெலத்து பேப்பர்ல பேரு தப்பா கீதுன்னு ஆபீசுக்குப் போனோம். எம் பொண்ணு அப்போ பத்தாவது. அந்த சாரு படிக்காமலே திருப்பிக் குடுத்தாரு. இது உடல. அங்கியே நின்னு தெலுங்குல சத்தமா படிச்சுது. ரெண்டு தபா. அப்பறம் அவரு என்னப் பாத்து, உக்காருங்கன்னாரு. இத சொல்லல. என்னச் சொன்னாரு. அந்த ஆபீசுக்கு நான் எத்தினி வருசமா போய்க்கினு கீறேன். நாற்காலில உக்காந்தது அன்னிக்குத்தான்."

நான் படித்தது எனக்கு நினைவிருந்தது. நாற்காலி நினைவில் இல்லை. அவர் உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"போதுமா?" என்றார் நைனா.

காலையில் சொன்னதையும் சேர்த்துப் போடலாமா என்று அவள்தான் கேட்டாள். நைனா யோசித்தார்.

"ரெண்டும் போடுமா. யாரனா வந்து கேட்டா, மொதல்ல சொன்னதுதான் நெசம்னு சொல்லிக்கறேன்."

சாயங்காலம் அத்தையிடமும் மாமாவிடமும் போய் எல்லாவற்றையும் விளக்கினோம். மாமா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பேசியதை அவர் கண்முன்னாலேயே அழித்தோம். அத்தை மட்டும் கொடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்தபடி, "இத காட்டு, பரவால்ல. நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றார்.

திங்கட்கிழமை எங்களிடம் நாலு பேர் இல்லை. முதலில் நைனாவின் காலைப் பேச்சு, அடுத்து வாய் திறக்காமல் சட்டையை மடிக்கும் அத்தை, கடைசியில் அந்த நாற்காலி. அவ்வளவுதான். ஆசிரியர் நாற்காலியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். கேமராவை எங்களுக்கே கொடுத்தார்.

மதியம் நைனாவுக்குப் போன் செய்தேன். பெரிய கேமராவோடு வருகிறோம், இந்தத் தடவை வீட்டையும் எடுக்க வேண்டும் என்றேன்.

"வா," என்றார். "நம்பர் மேல காலண்டர மாட்டி வெக்கறேன்."