பரந்தாமன் வைத்த பெயர்

நீல பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, தலையை ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்த்துகிறார் பரந்தாமன். பின்னால் சுவரில் ஓர் அலுமினியத் தகடு. அதில் பதினோரு வரிகள். தலை சரியான இடத்தில் இருந்தால் நான்காவது வரி மறைந்துவிடும். ஞாயிறுதோறும் பத்தேகாலுக்கு வருகிறவர், பன்னிரண்டரை வரை அந்தத் தலையை அசைப்பதில்லை. டீ வந்தால் கை மட்டும் நீளும். உடம்பு வராது.

கோவில்பதாகையில் அமீரின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு மேலே உள்ள அறை அது. கதவு கழன்ற ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே நாங்கள் பன்னிரண்டு பேர் கூடுவது ‘ஏழு மதகு’ நாவல் வரிசையைப் பற்றிப் பேச. பேரேரி ஒன்றின் கீழே ஒரு ராஜ்ஜியம், ஏழு மதகுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் குலம், தண்ணீரோடு பேசத் தெரிந்த சிலர். இதுவரை ஐந்து பாகங்கள். எழுதியவர் அத்தியாயங்களுக்கு எண் மட்டும்தான் போடுகிறார். போருக்கும் பெயர் கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது. ‘மூன்றாம் பாகம் இருபத்தேழாம் அத்தியாயத்துச் சண்டை’ என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது? பெயர் வைக்கும் வேலையைப் பரந்தாமன் எடுத்துக்கொண்டார்.

பிழைப்பும் அதையொட்டியதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டார்களுக்கும் பம்புகளுக்கும் நேம்பிளேட் அடிக்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். லேசர் மெஷின் அவர் பொறுப்பு. பாரிவாக்கத்தில் வீடு. சட்டைப்பையில் ஒரு சின்ன லென்ஸ். ஓட்டலுக்குப் போனால், கிரைண்டருக்குப் பின்னால் குனிந்து தகட்டைப் படித்துவிட்டுத்தான் இட்லி சொல்வார். ஒருமுறை இருநூறு தகடுகளில் வோல்டேஜ் எண் தப்பாக விழுந்துவிட்டது. வாங்க வந்தவரே பரவாயில்லை என்றாராம். இவர் அத்தனையையும் பழைய இரும்பில் போட்டுவிட்டு மறுபடி அடித்தார். “தப்பு பிளேட்ட நம்பி ஒருத்தன் கரண்டு லைன் குடுப்பான் தம்பி. எரிஞ்சா அவன் கைதான் எரியும், என் கை எரியாது. அதான் எனுக்கு பேஜாரு.”

பெயருக்கு அவரிடம் இரண்டே விதிகள். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் கூடாது. ஷேர் ஆட்டோ இரைச்சலில் கத்தினாலும் புரிய வேண்டும். மூன்று பகல் மூன்று இரவு நடந்த போருக்கு ‘மூணு ஷிஃப்ட்’. ரயில்வே கேட்டில் வண்டிகள் நிற்பதுபோல் படை ஆற்றங்கரையில் அசையாமல் நின்ற நாற்பது பக்கத்துக்கு ‘கேட்டு போட்டது’. மந்திரவாதிகள் கூடிப் பேசி, எதையும் முடிவு செய்யாமல் கலைந்த அத்தியாயம் ‘பி.எஃப். மீட்டிங்’. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா இணையத்தில் ஒரு காலவரிசை வைத்திருக்கிறாள். அவள் அதில் ஏற்றிய பிறகு, நாங்கள் முகம் பார்த்திராத வாசகர்களும் இந்தப் பெயர்களையே சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில் பதினோரு பெயர்களைத் தகட்டில் அடித்து, அமீரின் சுவரில் தானே துளை போட்டு மாட்டினார். யாரும் கழற்றிவிடக் கூடாது என்று திருகாணித் தலைகளையும் அரத்தால் ராவிவிட்டார்.

நான்காவது வரி: தாழை துரோகம்.

தாழை நான்காம் மதகின் காவல்காரி. இரண்டாம் பாகத்தின் முடிவில், சொந்தப் படை கோட்டைக்குள் இருக்கும்போதே மதகைத் திறந்துவிடுகிறாள். கோட்டை மூழ்குகிறது. ஏன் என்று சொல்லாமலே அவளும் தண்ணீரோடு போகிறாள். படித்து முடித்த அன்றைக்கே, பஸ்ஸில் நின்றபடி, ஆத்திரத்தில் பரந்தாமன் வைத்த பெயர் அது. இரண்டு வருடம் கழித்து நான்காம் பாகம் வந்தது. அதில்தான் தெரிந்தது, ஏரிக்கரை அன்று உடைய இருந்திருக்கிறது. மதகைத் திறக்காமல் இருந்திருந்தால் பதினெட்டு ஊர் போயிருக்கும். கோட்டைக்குள் இருந்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரந்தாமன் டீ குடிக்கவில்லை. பெயரை எடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி இல்லை.

பேச்சில் யாராவது ‘துரோகம்’ என்றால் நடுவில் வெட்டி, “தாழை தொறந்தது” என்பார். வாக்கியம் செத்துவிடும். வாட்ஸப்பில் அந்தச் சொல் வந்தால் அடுத்த நிமிடமே ‘திருத்தம்’ என்று அவரிடமிருந்து ஒரு வரி. ஒரே நாளில் முப்பத்தொரு திருத்தம் வந்ததும் கிருஷ்ணப்பிரியா அவரை ஒரு வாரம் குழுவிலிருந்து நீக்கி வைத்தாள். அந்த வாரம் எனக்குத் தனியாக அனுப்பினார். நான் மறுத்துப் பேசத் தெரியாதவன் என்பதை எப்படியோ கண்டுபிடித்திருந்தார். வகுப்பில், பேருந்தில், சாப்பிடும்போதெல்லாம் என் கைபேசி திருத்திக்கொண்டே இருந்தது.

தகட்டையும் அவர் விடவில்லை. ஒரு நாள் உப்புத்தாளைக் கொண்டுவந்து நான்காம் வரியைத் தேய்த்தார். லேசர் எழுத்து ஆழமாக விழுந்திருந்தது, போகவில்லை. சுற்றியிருந்த மங்கல் மட்டும் போய், பதினொன்றில் அந்த ஒரு வரி பளபளவென்று ஆகிவிட்டது. இப்போது அறைக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் படுவது அதுதான். தகட்டைப் பெயர்த்துத் தரும்படி கேட்டார். குடுத்ததைத் திருப்பிக் கேக்கற ஆளா நீ, சுவரும் சேர்ந்து வரும் என்று அமீர் மறுத்துவிட்டார்.

கடைசியில் வாக்கெடுப்பு வைத்தோம். அமீர்தான் எதிர்த்தரப்பு. “நைனா, எய்தனவரே நாம ஏமாறணும்னுதான எய்திகீறாரு? நீயும் ஏமாந்த, நானும் ஏமாந்தேன். அந்தப் பேரு நாம ஏமாந்ததுக்கு அடையாளம். இர்க்கட்டுமே.”

“நாம ஏமாந்ததுக்கு அவ பேர ஏன்டா கெடுக்கணும்?” என்றார் பரந்தாமன்.

பழைய பெயருக்குப் பத்துக் கைகள் உயர்ந்தன. ‘தாழை தொறந்தது’க்கு ஒரு கை. உப்புச்சப்பில்லாத பெயர் என்றார்கள், உண்மைதான். பன்னிரண்டாவது கை எந்தப் பக்கமும் உயரவில்லை. அது என்னுடையது. அன்று ஃப்ரிட்ஜ் ஒன்றின் பின்பக்கத் தகட்டை நான் மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கவலை எங்களைப் பற்றியது அல்ல என்று பிறகுதான் புரிந்தது. நாங்கள் ஏமாந்து முடித்தவர்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் பாகத்தைத் தொடும்போதே அந்தப் பெயரைக் கேட்டுவிடுகிறார்கள். தாழை சின்னப் பெண்ணாக மதகடியில் மீனுக்குப் பொரி போடுகிற பக்கத்திலேயே, ‘இவதானே அந்தத் துரோகி’ என்று வெறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான்காம் பாகம் வந்து சேர்வதற்குள் அந்த வெறுப்பு கெட்டியாகிவிடுகிறது. சிலர் நான்காம் பாகம் வரைக்கும் வருவதே இல்லை.

போன ஞாயிறு ரோஷினி வந்தாள். ஆவடியில் கல்லூரியில் படிக்கிறாள். இணையத்தையே பார்க்காமல் இரண்டாம் பாகத்தின் பாதியில் இருக்கிறாள். கதையில் கடைசியில் பெரிதாகப் பேசப்படப்போவது யார் என்று கேட்டதற்கு, தாழைதான் என்று தயங்காமல் சொன்னாள். பரந்தாமன் அவளைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். இரண்டு மணி நேரம் அவர் ‘திருத்தம்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. யாராவது வாயைத் திறக்கப் போனாலே இருமினார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் கொடுத்தோம். எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது ரோஷினி கைபேசியை எடுத்தாள். அந்தத் தகட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாளாம், ஒரு படம் வேண்டுமாம்.

“அண்ணா, கொஞ்சம் எழுந்துக்கோங்களேன்” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

அவர் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துவிட்டது என்றார். தலையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். “உன் மண்டய எவன் மாமே கேட்டான்” என்று அமீர் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். அறையே சிரித்தது. வேறு வழியில்லாமல் எழுந்த பரந்தாமன், திரும்பாமலேயே வலது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தகட்டில் வைத்தார். இருபத்திரண்டு வருடம் தகடு பிடித்த கைக்கு இடம் தெரிந்திருந்தது. ‘தாழை’ வெளியே தெரிந்தது. அடுத்த சொல் உள்ளங்கைக்குள் போய்விட்டது.

“கையில இன்னா அண்ணா கீது?” என்று ரோஷினி கேட்டாள்.

“நாலாவது பாகம் முடிச்சிட்டு வா பாப்பா. எடுக்கறேன்.”

அவள் படம் எடுத்துக்கொண்டாள். பத்துப் பேரில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவள் செருப்பு மாட்டி, படியிறங்கி, கீழே வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. அமீர் டீயை நீட்டினார். பரந்தாமன் அதை இடது கையால் வாங்கிக்கொண்டார்.