பருத்திக் காட்டுக்கு இரண்டாவது பஸ்

டெக்ஸஸில் டாலஸுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வில்மா ஹ்ருஸ்கா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஆரம்ப வருஷங்களில் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். பிறகு அவள் அண்ணன் லியோனார்டு, நெடுஞ்சாலைக்கு அப்பாலிருந்த பருத்திக் காட்டை விற்றான். அங்கே ஒரே அச்சில் வார்த்தாற்போல் செங்கல் வீடுகள் எழும்பின. நில மதிப்பு கூடவே, ஊரில் எல்லாருக்கும் வீட்டு வரி ஏறியது. அந்த எரிச்சலில் அவள் அண்ணனோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது ஒரு சீட்டில் மூன்று பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பள்ளி நிர்வாகி கிரெக் கைவிரித்துவிட்டார்.

"இன்னொரு பஸ் ஷெட்லதான் நிக்குது வில்மா. ஓட்ட ஆளில்ல. புது வீட்டுக்காரங்க அவங்கவங்க பிள்ளைய அவங்களே கொண்டாந்து விடட்டும்."

மறுநாள் காலை, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையை இரண்டு சிறுமிகள் கைகோத்து ஓடிக் கடந்ததை வில்மா பார்த்தாள். பஸ்ஸிலிருந்த பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டாள். நேரே கிரெக்கிடம் போனாள்.

"ஆளுதானே வேணும்? நான் கொண்டாறேன்."

"எங்கேர்ந்து?"

"வந்து குவிஞ்சிருக்காங்களே, அங்கேர்ந்துதான்."

சனிக்கிழமை வெயிலில் புதுக் குடியிருப்பில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். கலிபோர்னியாவிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். "அங்க ரெண்டு பேர் ராப்பகலா உழைச்சும் வாடகை வீடுதாங்க. இங்க சொந்த வீடு. ஆனா டியூட்டி போக மூச்சுவிட நேரமில்ல." பக்கத்து வீட்டுக்காரன், கம்பெனி இடம் மாறியதால் கூடவே மாறியவன். அதற்கடுத்த வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறக்க இருந்தது. எல்லாரும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஓட்ட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசித் தெருவில் டெரன்ஸ் ஓக்லி புல் வெட்டிக்கொண்டிருந்தார். வடக்கே இல்லினாய் மாநிலத்திலிருந்து மகளோடு குடிவந்தவர்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பனி, மேடம். ஆயுசு பூரா ரோட்டுப் பனிய தள்ளுற லாரி ஓட்டினேன். இனிமே பனியே கண்ல படக்கூடாதுன்னு வந்துட்டேன்."

வில்மாவின் முகம் மலர்ந்தது. "அவ்ளோ பெரிய லாரி ஓட்டினவரு இங்க புல்லா வெட்டுறீங்க? பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வாங்க."

"பனி கத்தாது மேடம். பிள்ளைங்க கத்துமே."

"எனக்குக் காது பாதி போயிடுச்சு. நிம்மதியா இருக்கேன்."

அவர் சிரித்தார். ஆனால் தலையாட்டவில்லை. "நாங்க வந்துதான் வரி ஏறிச்சுன்னு என் காதுபடவே கடையில பேசுறாங்க. அவங்களுக்கு நான் ஏன் பஸ் ஓட்டணும்?"

"பேசினதுல நானும் ஒருத்தி. இல்லேன்னு சொல்லல. ஆனா உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுறது உங்க தெருப் பிள்ளைங்க."

டெரன்ஸ் புல்வெட்டியை நிறுத்தினார். "எப்ப வரணும் மேடம்?"

தேவாலயத்தின் காலி மைதானத்தில் வில்மா அவருக்குப் பஸ் ஓட்டப் பழக்கினாள். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து, பள்ளி பஸ்ஸுக்கான உரிமத் தேர்வில் முதல்முறை தோற்றார்.

"போதும் மேடம், விட்டுடுங்க."

"எனக்குப் போதாது. ஏறுங்க!"

அடுத்த முறை தேறினார். அக்டோபரில் இரண்டாவது பஸ் புதுக் குடியிருப்புக்குள் நுழைந்தது. கைகோத்து ஓடிய சிறுமிகள் முண்டியடித்து முன்சீட்டைப் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் வில்மா, பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வசந்தத்தில் மேற்கே இன்னொரு வயலில் அஸ்திவாரம் தோண்டினார்கள். மூன்றாவது பஸ் கேட்டு, டெரன்ஸையும் கூட்டிக்கொண்டு கிரெக்கின் அறைக்குள் நுழைந்தாள் வில்மா.