மெடிக்கலுக்குப் போட்ட கிராம்பு

தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில் கரோலினைத் தெரியாத வீடு கிடையாது. விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் ஒரு ஆபீஸில் கூட்டித் துடைக்கிறவள். திரும்பி வந்தால் அக்கடா என்று காலை நீட்டுவாளா? அதுதான் இல்லை. ஸ்கூட்டியில் ஆக்ஸிஜன் மெஷினை நிறுத்தி, துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு லைன் லைனாகக் கிளம்பிவிடுவாள். சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கிப்போன பெரியவர்களுக்கு அந்த மெஷின்தான் மூச்சு. அவளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரும் சேர்ந்ததுதான் குழு. மெஷின் ஒன்றே ஒன்று. கொரோனா சமயத்தில் யாரோ புண்ணியவான் கொடுத்தது. அவளுடைய அப்பா சைலஸுக்கும் முறை வந்தால்தான் கிடைக்கும்.

இப்படித் தெருவில் உதவி செய்கிற குழுக்களுக்கு பெங்களூரில் ஒரு அறக்கட்டளை பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு, இன்னும் இரண்டு மெஷின் கேட்டிருந்தாள். நேரில் வந்து பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாக ஓடினாள்.

"நாளிக்கு பெங்களூர்லேர்ந்து வராங்க. உங்க நெஞ்சு எப்படி கீதுன்னு பாப்பாங்க. ரெடியா இருங்க."

ரெடியாகத்தான் இருந்தார்கள், பாவி மனுஷர்கள்! மைன்ஸ் ஓடிய காலத்தில் வருஷா வருஷம் மெடிக்கல் என்று உடம்புப் பரிசோதனை நடக்கும். அங்கே இருமினால் போச்சு. கீழே இறங்க லாயக்கில்லை என்று மேல் வேலைக்குத் தள்ளிவிட்டால் சம்பளம் குறைந்துவிடும், பிள்ளைகள் என்ன ஆவது என்று பயம். அதனால் இருமலை அடக்க நாக்குக்கு அடியில் ஒரு கிராம்பு, மூக்கால் மெதுவாக மூச்சு, கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில். இந்த வித்தையை லைன் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததே சைலஸ்தான்.

அறக்கட்டளையிலிருந்து வந்த நளினி நல்ல பெண். முதலில் தசரதன் வீட்டுக்குப் போனார்கள். கக்கூஸுக்குப் போகவே சுவரைப் பிடிக்கிற தசரதன், இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் விறைத்து நின்றார். "எனக்கு இன்னா கொறச்சல்?" என்றார்.

 அடுத்து கரோலின் வீடு. மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போர்வையால் மூடிவிட்டு சைலஸ் உட்கார்ந்திருந்தார்.

"இவரால ரெண்டு அடி நடக்க முடியாது மேடம்," என்றாள் கரோலின்.

சைலஸ் எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "நல்லா கீறேன்," என்றார்.

நளினி சந்தோஷப்பட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கார் திரும்பியதுதான் தாமதம், சைலஸ் தரையில் சரிந்தார். குழாயை அவர் மூக்கில் மாட்டிவிட்டபடியே கரோலின் கத்தினாள்.

"ஏன் நைனா இப்பிடிப் பண்ண? இன்னா பாவம் பண்ணேன் உனக்கு?"

"அந்தப் பொண்ணு பாத்துக்கினே இருந்துச்சும்மா... இருமல் தானா அடங்கிப்போச்சு," என்று அவர் அழுதார். அவளுக்கு வந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவளும் அழுதாள்.

போனில் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். உங்களைவிட மோசமான ஊர்கள் இருக்கின்றன, இந்த வருஷப் பணம் அங்கே போய்விட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நளினி வருத்தத்தோடு சொன்னாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? கண்ணால் பார்த்ததைத்தானே அவள் எழுதியிருப்பாள்.

பனிக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரத்தில் தசரதனின் மருமகள் அமலா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு உதடு நீலமாப் போச்சு. ஆம்புலன்ஸ் இன்னும் வர்ல."

மெஷின் சைலஸ் மூக்கில் இருந்தது. ராத்திரியெல்லாம் அவரும் திணறியவர்தான். கரோலின் அசையாமல் நின்றாள். சைலஸ் குழாயைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்துக்கினு போ. நான் நல்லா கீறேன்."

கிராம்பு வாசனை அவள் முகத்தில் அடித்தது. ஊரையே ஏமாற்றலாம், பெற்ற மகளை ஏமாற்ற முடியுமா? அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மெஷினைத் தூக்கினாள். அந்த நிமிஷத்துக்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

தசரதனுக்கு மூச்சு திரும்பியதும் ஓடிவந்தாள். சைலஸ் அதே மாதிரி சுவரில் சாய்ந்து, பித்தான் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தாள். கை ஜில்லிட்டிருந்தது.

அடுத்த நாள் அடக்கத்துக்குத் தசரதனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரோலின் வீட்டு பிளக்கிலேயே மெஷினைச் சொருகி அவருக்கு மாட்டினாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஊரே கூடியிருந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் தசரதன் எதையும் மறைக்காமல், நெஞ்சு கிழிய, வாய்விட்டு இருமினார்.