குசினியிலிருந்து மாளிகைக்கு

குருசுமுத்து தன் வீட்டில் சமைக்கும் குசினியின் சுவரிலிருந்து ஒரு கல்லைக் கம்பியால் நெம்பி எடுத்து, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டுகிறார். காலையில் தேநீருக்கு முன்பே இந்த வேலை முடிந்துவிட வேண்டும். நெடுந்தீவுக் கடற்கரையில் நிற்கும் பழைய அரசாங்க மாளிகைக்கு அவர்தான் காவலாளி. கல்லும் அந்த மாளிகையினுடையதுதான்.

ஒல்லாந்தர் கடலில் உடைத்தெடுத்த முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய கட்டடம் அது. உப்புக்காற்றுக்குப் பயந்து கடல் பக்கம் ஒரு யன்னலும் வைக்கவில்லை. ஆங்கிலேயர் அங்கே வழக்கு விசாரித்தார்கள். பிறகு அரசாங்கம் அலுவல் பார்க்கும் கந்தோராக இருந்தது. கூரை விழுந்ததும் ஊரார் கல்லைப் பிடுங்கி வேலி அடைத்தார்கள். குருசுமுத்துவின் தகப்பன் குசினி கட்டினார்.

இப்போது எஞ்சியிருப்பது வாசல் வளைவு மட்டும். அதன் ஒரு கால் பாதி கரைந்து, மூன்று பனங்குற்றிகள் முட்டுக்கொடுக்க நிற்கிறது. மாரிக்கு முன் கட்டாவிட்டால் விழுந்துவிடும் என்றார் திருத்த வந்த மேசன். முருகைக்கல் உடைக்கத் தடை என்பதால் புதிய கல் கிடையாது. குருசுமுத்து வீடு வீடாகப் போய்க் கேட்டார்.

"வெள்ளைக்காரன்ரை வாசலுக்கு நான் வேலியைப் பிரிக்கிறதோ? அண்ணை, என்ரை ஆடுகள் உங்கட மாளிகைக்குள்ளையோ படுக்கிறது?" என்று சிரித்தான் அயல்வீட்டுச் சுதாகரன்.

"வெள்ளைக்காரன் எங்கையடாப்பா கல்லுச் சுமந்தவன்? எங்கட ஆக்களெல்லோ சுமந்தது!" என்றார் குருசுமுத்து.

ஒருவரும் ஒரு கல்லும் தரவில்லை.

இதை எழுதும் எனக்கு அவரைப் புகழ அவசரமில்லை. தகப்பன் எடுத்ததை மகன் திருப்பிக் கொடுக்கிறாரா, இல்லை, அந்த வீட்டில் சமைப்பவளிடமிருந்து எடுக்கிறாரா என்பது எனக்குத் தெளிவில்லை. குசினியின் வடக்குச் சுவர் முழுதாகப் போய்விட்டது. அந்த இடத்தில் மழைக்கு மறைப்பாக ஒரு நீலத் தறப்பாள் தொங்குகிறது. அடுப்படியிலிருந்து மனைவி ஜசிந்தா சொல்கிறார்: "இஞ்சருங்கோ, இனி அங்கையே போய்ச் சமைப்பம். துரைமாரும் இல்லைத்தானே."

போன கிழமை மேசன் சாமான்களுடன் படகேறிவிட்டார். இந்த வருடம் வேலை இல்லையென்று அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது.

"அடுத்த வருசம் வருவினமோ?" என்று கேட்டேன்.

"வருவினம். ஆனா வளைவு அதுவரைக்கும் நிக்க ஏலாது."

மறுநாளும் ஒரு கல்லைக் கொண்டுபோய் வளைவின் காலடியில் அடுக்கினார்.

நேற்று மாரியின் முதல் மழை. மாளிகையிலிருந்து நனைந்தபடி வந்தவர், வளைவின் சாந்து கரைந்து வழிகிறது, மூட ஒன்றுமில்லை என்றார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஜசிந்தாவின் முகத்தைப் பாராமல் கதிரையில் ஏறி, தறப்பாளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.